பாலத்துக்கு எந்தக் கழி

தம்பி,

போன வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. "ப்பா, அடுத்த வருஷம் நான் வந்ததும் டெய்லி பாலத்துக்குப் போறோம். எந்தெந்தக் கழி எடுத்துட்டுப் போறதுன்னு இப்பவே யோசிச்சு வையுங்க. அன்னிக்குக் காலைல உக்காந்து குழப்பாதீங்க" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு பூத்துக்கு வெளியே வந்து நின்றுகொண்டேன். அவள் உன்னிடம் கொழுக்கட்டை கதை பேசி முடிக்கிற வரைக்கும் உள்ளே வரவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இப்போது பதில் எழுதுகிறேன். நாலு தூண்டில் கழிக்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று கேட்காதே. கழி எடுக்கிற விஷயத்தில் உன் அப்பன் எவ்வளவு நேரம் எடுப்பான் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் ஊரில் சில பேர் படிக்கப் போகிறார்கள், அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். நம்ம உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் மாசத்துக்கு ஒரு தடவை நாலு பக்கத்துக்கு ஒரு தாள் போடுகிறார்கள். அதில் கண்ணைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். "நம்ம ஆளுங்க படிக்கணும் மேஸ்திரி, நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க" என்றார்கள். நான் சொல்லி இதுவரைக்கும் யார் எதைக் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. "கண்ணைப் பத்தி எழுதணும்னா முதல்ல என் பையனுக்குத்தாம்பா எழுதணும், அவனுக்கே இன்னும் தெரியாது" என்றேன். "அப்போ அவருக்கே எழுதுங்க, நாங்க பக்கத்துல நின்னு படிச்சுக்கறோம்" என்று சொல்லிவிட்டார்கள். இதை நீலக் கலர் ஸ்கெட்ச் பேனாவால், பக்கத்துக்கு ஒன்பது வரி என்று, கல்யாணப் பந்தலில் பெயர் எழுதுகிற அளவுக்குப் பெரிய எழுத்தாக எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்த கைக்கு இவ்வளவு பெரிய எழுத்து கொஞ்சம் அதிகம்தான்.

விஷயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணும். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வந்து, இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல நேராக இருப்பது மட்டும்தான் தெரிகிறது. அந்தக் குழாயும் சுருங்கிக்கொண்டே வருகிறது. நீ வருவதாகச் சொல்லியிருக்கிற அடுத்த ஆடி மாசத்தில் உன் முகம் எனக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். இது தெரிந்திருந்தும், போன மாசம் "இந்த வருஷம் லீவுல வரட்டுமா, இல்ல அடுத்த வருஷம் சேர்த்து ரெண்டு மாசமா வரட்டுமா?" என்று நீ கேட்டபோது, "அடுத்த வருஷமே வா, இப்ப என்ன அவசரம்" என்று சொன்னவன் நான்தான். ஏன் அப்படிச் சொன்னேன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

நாம் உப்பளத்து ஆட்கள். மீன் பிடிப்பது குப்பத்துக்காரர்கள் வேலை. நமக்கு மீனோடு உள்ள உறவு கூடைக்காரம்மாவிடம் பேரம் பேசுவதோடு சரி. அப்படிப்பட்டவனுக்கு எங்கிருந்து இந்தப் பைத்தியம் வந்தது என்று உன் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று வேலை கிடையாது. மூன்று மாசம் வீட்டில் உட்கார்ந்து அவளுடைய சமையலில் குறை சொல்வதைவிட, எங்கேயாவது போய் உட்காரலாமே என்று ஆரம்பித்ததுதான். முதலில் நம்ம கடற்கரையிலேயே போட்டுப் பார்த்தேன். வலை காயப் போட்டிருந்தவர்கள் விடுவார்களா? "என்ன மேஸ்திரி, மீனை உள்ளயே உப்புப் போட்டு, கருவாடாவே வெளிய எடுக்கப் போறீங்களா?" என்று ஒருத்தர் கேட்க, கரையே சிரித்தது. அதற்குப் பிறகுதான் தெரிந்த முகம் இல்லாத இடமாகப் பார்த்து, புதுச்சேரியில் கடலுக்குள்ளே நீண்டு நிற்கிற அந்தத் துறைமுகப் பாலத்துக்குப் பஸ் ஏறினேன். உனக்கு எட்டு வயசு ஆனதும் உன்னையும் கூட்டிக்கொண்டேன். துணைக்கு இல்லை. கழி நீளம், ஒரு ஆளால் முடியவில்லை.

அந்த மூங்கில் கழி பன்னிரண்டு அடி. உன் மாமன் ஊர் வேலியில் நானே வெட்டி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தியது. அவ்வளவு நீளம் எதற்கு என்று கேட்டவர்களிடம் பெரிய மீன் தூரத்தில்தான் இருக்கும் என்று சொல்வேன். உண்மையில், எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய முடியாமல் முழுசாகவே கொண்டுவந்துவிட்டேன். அதை பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் முன்னும் பின்னுமாக நீட்டி வைப்போம். ஒரு கண்டக்டர், "ஏம்பா, கொடி எங்க? எந்தக் கட்சி?" என்று கேட்டார். நீ உடனே, "மீன் கட்சிங்க" என்றாய். வீட்டிலிருந்து ரோட்டுக்கு வர உப்பளத்து வரப்பு மேல்தான் வரவேண்டும். ஒரு ஆள் நடக்கிற அகலம், இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர். கழியின் முன்முனை என் தோளில், பின்முனை உன் தோளில். பேசினால் காற்றில் கேட்காது என்று நமக்குள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒரு இழுப்பு இழுத்தால் நில், இரண்டு இழுத்தால் நட. நீ வேண்டுமென்றே நடுவழியில் ஒன்று இழுப்பாய். நான் நிற்பேன். இரண்டு இழுப்பாய், நடப்பேன். அப்பனை மாடு மாதிரி ஓட்டுகிறோம் என்று உனக்குப் பின்னால் ஒரே சிரிப்பு. எனக்கு அது தெரியும் என்பது உனக்குத் தெரியாது. ஒரு நாள் பின்முனை தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டுத் திரும்பினால், நீ அந்த முனைக்கும் பத்தடி பின்னால் உட்கார்ந்து நண்டு பார்த்துக்கொண்டிருந்தாய்.

இரண்டாவது கழி ஆரோவில்லில் ஒரு வெள்ளைக்காரர் கொடுத்தது. ஒரு மழைக்காலம் அங்கே கட்டட வேலைக்குப் போயிருந்தேன். ஊருக்குக் கிளம்பும்போது, ரீல் மெஷினோடு கூடிய அந்த ஃபைபர் கழியை என் கையில் கொடுத்து ஏதோ நீளமாகச் சொன்னார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். அவர் சொன்னது மெஷினை எப்படி மாட்டுவது என்பதாக இருந்திருக்கும். நான் அதைத் தலைகீழாக மாட்டி, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றி, ஒரு வருஷம் முழுக்க மீன் பிடித்தேன், அல்லது பிடிக்காமல் இருந்தேன். உனக்குப் பதின்மூன்று வயசு. எங்கேயோ ஒரு படத்தில் பார்த்துவிட்டு வந்து, பாலத்தில் பத்துப் பேர் நடுவில், "ப்பா, மெஷின் கீழ தொங்கணும்ப்பா, நீங்க தலைகீழா மாட்டியிருக்கீங்க" என்றாய். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் உன்னை அறைந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீ வரவில்லை. மறுநாள் நீ ஸ்கூல் போன பிறகு மெஷினைக் கழற்றி நீ சொன்னபடி மாட்டினேன். எண்ணெயில் நழுவுவது போலச் சுற்றியது. அடுத்த தடவை பாலத்தில் நீ அதைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீ சொன்னதுதான் சரி என்று இத்தனை வருஷம் கழித்து, சங்கத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பத்துப் பேர் முன்னால் அறைந்ததற்கு இருநூறு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டால் கணக்கு சரியாகுமா என்று தெரியவில்லை. ஆகாது என்றுதான் தோன்றுகிறது.

மூன்றாவது கழி ரஹீம் பாய் கொடுத்தது. நமக்கு அவர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கோட்டக்குப்பத்துக்காரர், பாலத்தில் எனக்குப் பக்கத்து இடம், தன் மருமகன் மூலமாக உனக்கு ஷார்ஜாவில் வேலை பார்த்துக் கொடுத்தவர். அந்தக் கழி ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக மடங்கும். மடக்கினால் கையளவு. நாலாவது, நீ ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிள் டியூபும் சவுக்குக் குச்சியும் வைத்து நீயே செய்தது. அதில் ஒரு கெளுத்தி மாட்டியது என்று நீ சொல்வாய். சாட்சி கிடையாது.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இந்த நாலு கழியையும் கூடத்தில் வரிசையாகப் படுக்க வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஏழு மணி பஸ்ஸில் போவதாகப் பேச்சு. "ரெண்டு போதும்ப்பா, ஏதாவது ரெண்டை எடுங்க" என்று நீ வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறாய். எனக்கு மூங்கிலை விட மனசில்லை. வெள்ளைக்காரன் கழியை எடுத்தால் ரஹீம் பாய் தன்னுடையது எங்கே என்று கேட்பார். பாயுடையதை எடுத்தால் தூரம் போடமுடியாது. "இருடா, ரெண்டு நிமிஷம்" என்றேன். "உங்கப்பா கடிகாரத்தையே இருன்னு சொல்ற ஆளுடா" என்று அடுப்படியிலிருந்து உன் அம்மா குரல் கொடுத்தாள். பஸ் போய்விட்டது. நீ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டாய். இரண்டு மணி நேரம் கழித்து ரோட்டில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு நாம் பாலத்தில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ரஹீம் பாய் ஜலதோஷம் என்று அன்று போகவில்லை, அதனால் கேட்கவும் ஆள் இல்லை. ஆனால் கடலோரத்தில் எத்தனை வீடுகளில் அழுகைச் சத்தம் கேட்டது, நாம் போய்ப் பார்த்தோமே. உன் அம்மா அந்த நாலு கழிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அதைப் பார்த்துச் சிரித்தவன் நான், ஆனால் உள்ளுக்குள் அவளைவிட நான்தான் கும்பிட்டேன். ஐம்பது வருஷமாக எல்லோரும் திட்டிய என்னுடைய "இரு, பார்க்கலாம்" ஒரே ஒரு நாள் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது. அன்றிலிருந்து அதை ஒரு வியாதி என்று நினைப்பதை விட்டுவிட்டு வரம் என்று நினைக்க ஆரம்பித்தேன். நான் செய்த தப்புகளிலேயே பெரிசு அதுதான் தம்பி. எதையும் தள்ளிப் போட்டேன். அவசரம் என்று யார் சொன்னாலும் அந்தப் பஸ்ஸை ஞாபகப்படுத்தினேன்.

கடல் பாத்திகளைச் சேறாக்கிவிட்டுப் போனது. பல மாசம் உப்பு இல்லை, வேலை இல்லை. ஏழு மாசம் கழித்து நீ ஷார்ஜாவுக்குக் கிளம்பினாய். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நீ ஏறியதும் நான் முன்னால் போய் நின்று, நீ ஏறின கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பின்னால் ஜன்னலுக்குப் போய் உட்கார்ந்து கையை நீட்டி ஆட்டினாயாம். "ப்பா, ப்பா" என்று கூப்பிட்டாயாம். ஹாரன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. "ஏங்க, கையாட்டுங்க, புள்ள பாக்கறான்" என்று உன் அம்மா இடித்தபோது பஸ் திரும்பிவிட்டது. மூன்று மாசம் நீ போன் பண்ணினால் அம்மாவிடம் மட்டும் பேசினாய். ஒரு நாள் அவளிடம், "அப்பா என் பக்கம் திரும்பவே இல்லைம்மா. நான் போனதுல அவ்ளோ கோவமா?" என்று கேட்டிருக்கிறாய். கோபம் இல்லையடா. உன் கை என் கண்ணின் ஓரத்தில் இருந்தது. அந்த ஓரம் அப்போதே போய்விட்டிருந்தது. எனக்கே தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பாய். உப்பளத்து ஆளுக்கு மட்டும்தான் இப்படித் தெரியாமல் போகும். சித்திரை வெயிலில் வெள்ளைப் பாத்தியில் நாள் முழுக்கக் குனிந்து நின்றுவிட்டு நிமிர்ந்தால் யாருக்குத்தான் கண் சரியாகத் தெரிகிறது? கண்ணில் தண்ணீர் வரும், பூச்சி பறக்கும், வீட்டுக்குள் நுழைந்தால் கொஞ்ச நேரம் சுவர் எது கதவு எது என்று புரியாது. உப்புக் கூச்சம் என்று சொல்லிவிட்டு எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு போகிறோம். நானும் அதைத்தான் சொன்னேன். பக்கவாட்டில் வந்த சைக்கிள் மேல் மோதினேன், உப்புக் கூச்சம். வரப்பிலிருந்து கால் தவறி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினேன், உப்புக் கூச்சம். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தவருக்குப் பதில் சொல்லாமல் போய், பெரிய ஆள் ஆகிவிட்டான் என்று பெயர் வாங்கினேன், அதுவும் உப்புக் கூச்சம். கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். உன் அம்மா, "இந்த வயசுல யாரைப் பாக்க?" என்றாள். யாரையும் பார்க்க முடியவில்லை, அதுதான் சங்கதி. மழை வந்தால் கூச்சம் போகும் என்று மழைக்குக் காத்திருந்தேன். மழை வந்தது. கூச்சம் போயிற்று. ஓரம் மட்டும் திரும்பி வரவில்லை. சரி, அடுத்த மழைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

இந்த ஆனி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் ரஹீம் பாயும் பாலத்தில் இருந்தோம். மூங்கில் கழியில் இறால் கோர்த்து, பின்னால் கொண்டுபோய் வீசினேன். முன்னெல்லாம் வீசும்போது கழியின் நுனியும் தெரியும், பின்னால் முள் தொங்குவதும் ஒரு பக்கமாகத் தெரியும். அன்று நுனி மட்டும் தெரிந்தது. ஏதோ கனமாக வந்தது. நல்ல மீன், அதுவும் தண்ணீரில் போடுவதற்கு முன்னாலேயே மாட்டிவிட்டது என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை, ஆனால் ஒரு நொடி நினைத்தேன். பார்த்தால் பாயுடைய வெள்ளைத் தொப்பி கடலுக்கு மேலே பறக்கிறது. "அரே மேஸ்திரி! மீனைப் பிடிக்கச் சொன்னா முஸ்லிமைப் பிடிக்கிறீங்களே!" என்று அவர் கத்த, பாலமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மட்டும் சீக்கிரம் சிரிப்பை நிறுத்திவிட்டார். முள் அவர் காதுக்கு மேலே ஒரு கோடு போட்டிருந்தது, இரத்தம். "நான் உங்க பக்கத்துலதான நிக்கிறேன். என்னைத் தெரியலையா?" என்றார். நான் உப்புக் கூச்சம் என்று ஆரம்பித்தேன். "வாயை மூடுங்க" என்றார். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. தூண்டில் நரம்பைச் சுருட்டச் சொல்லி, மறுநாளே புதுச்சேரியில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா சின்ன வயசு, உன்னைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். என்னை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, "எத்தனை விரல் தெரியுது பெரியவரே?" என்று கேட்டார். "விரல் எங்க இருக்குதும்மா?" என்றேன். நான் நிஜமாகத்தான் கேட்டேன். அவர் லைட்டை அடித்து இரண்டு கண்ணையும் பார்த்தார். கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார். "எத்தனை வருஷமா இப்படி?" நான் உப்பு, வெயில், கூச்சம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "கூச்சம் வேற, இது வேற. கூச்சத்துல ஓரம் மறையாது. ஓரம் மறைஞ்ச அன்னிக்கே வந்திருக்கணும்" என்றார். போனது திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாம், ஆனால் எனக்கு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் எத்தனை நாளைக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை. "நம்பிக்கையா ஏதாவது சொல்லுங்க டாக்டர்" என்று ரஹீம் பாய் கேட்டார். "பொய் சொல்ல வேணாம்னு பாக்கறேன் பாய்" என்றார் அந்தப் பொண்ணு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுகிறேன். அந்த விஷயத்தில் மட்டும் இப்போது "இரு, பார்க்கலாம்" கிடையாது. அதனால் ஒன்றும் நின்றதாகத் தெரியவில்லை. டாக்டரிடம் போன அன்று நம்ம காலண்டரில் மாசம் முழுக்க ஒரே பார்வையில் தெரிந்தது. இப்போது ஒரு வாரம் தெரிகிறது.

இது நடந்து பதினோரு நாள் கழித்து வந்த வெள்ளிக்கிழமைதான் நீ லீவைப் பற்றிக் கேட்டாய். இந்த வருஷம் வராமல் இருந்தால் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட லைசென்ஸ் எடுத்துத் தருவதாக ஃபோர்மேன் சொல்கிறார் என்றாய். "அடுத்த வருஷமே வா, லைசென்ஸை எடு" என்றேன். பிள்ளையின் பிழைப்புக்காக அப்பா வாயை மூடிக்கொண்டார் என்று உன் அம்மா நினைக்கிறாள். பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கேட்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மை இல்லை. நீ வந்தால் நான் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைப் பார்ப்பாய். தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்று மறுபடியும் ஒரு தடவை சொல்வாய், இந்தத் தடவை அறைய எனக்கு வழியில்லை. அந்தப் பயம்தான். அதோடு பழைய வியாதியும் சேர்ந்துகொண்டது, அடுத்த வருஷம்தானே, அதற்குள் ஏதாவது ஆகும் என்று. என்ன ஆகும்? நான் பார்த்தவரைக்கும் ஒன்றே ஒன்றுதான் ஆகிக்கொண்டிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை, "இந்த வருஷம் வரலைன்னு எழுதிக் குடுத்துட்டேன்ப்பா. என் லீவுல கேரளாக்காரர் ஒருத்தர் ஊருக்குப் போயிட்டார்" என்று நீ சொன்னாய். எழுந்து ஓடி வா என்று இதை எழுதவில்லை. அந்த மனுஷர் இப்போது தன் பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார், நன்றாக இருக்கட்டும். கேட்க வேண்டிய நாளில் கேட்கவில்லை, அவ்வளவுதான். உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். உனக்கு அங்கே உடம்பில் ஏதாவது சரியில்லை என்றால், வெயில் என்று சொல்லாதே. எல்லோருக்கும் இருக்கிறது என்று சொல்லாதே. அன்றைக்கே போய்க் காட்டு. பஸ்ஸைத் தவறவிட்டுப் பிழைத்தது ஒரு தடவை. மீதி எல்லாத் தடவையும் பஸ் போனது போனதுதான். சங்கத்துத் தாளில் இதைப் படிக்கிறவர்களுக்கும் இதேதான்: பக்கத்தில் நிற்கிறவர் தெரியவில்லை என்றால் அது உப்பு இல்லை.

இனி கழி. நேற்று நாலையும் கூடத்தில் படுக்க வைத்தேன். உன் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "இன்னும் பதினோரு மாசம் இருக்குது, இப்பவே ஆரம்பிச்சாத்தான் உங்களுக்குச் சரியா வரும்" என்றாள். நீ செய்த சவுக்குக் குச்சி உளுத்துவிட்டது, தொட்டதும் பொடியாகக் கொட்டியது. வெள்ளைக்காரன் கழி உனக்கு. மெஷினைக் கழற்றி எண்ணெய் போட்டு, கை தடவிப் பார்த்தே சரியாக மாட்டிவிட்டேன், கீழே தொங்குகிற மாதிரி. வந்து பார்த்துக்கொள். ரஹீம் பாய் தன்னுடைய மடக்குக் கழியைத்தான் எடுக்க வேண்டும் என்கிறார். "இதுதான் உங்களுக்கு லாயக்கு. மடக்கிக் கையில வெச்சுக்கலாம், ரோட்டுல தட்டிப் பாத்து நடக்கவும் உதவும்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதைக் கையில் வாங்கி, விரித்து, மடக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது பாய், இதற்கு மட்டும் கொஞ்சம் இருங்கள், பார்க்கலாம் என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அது புதுத் தொப்பி.

எனக்கு மூங்கில்தான். அதில் நான் இனி வீசப் போவதில்லை, பயப்படாதே, பாலத்தில் இன்னும் தொப்பி போட்டவர்கள் வருகிறார்கள். முள்ளைக் கழற்றிவிட்டேன். ஆனால் அதை ஒரு ஆளால் தூக்கிக்கொண்டு போக முடியாது, அதனால்தான் அது. நீ வந்த மறுநாள் காலையில், செருப்பைப் போட்டதும் வாசலில் நின்று கத்தாதே, நான் தயாராகத்தான் இருப்பேன். முன்முனையை நீ பிடித்துக்கொள். பின்முனை என் தோளில் இருக்கும். வரப்பில் போகும்போதும் பாலத்தில் போகும்போதும் பார்க்கிறவர்களுக்கு ஒரு அப்பனும் பிள்ளையும் நீளமான கழியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், வேறொன்றும் இல்லை. கண்டக்டர் கேட்டால் பதில் உனக்குத் தெரியும். பள்ளம் வந்தால் ஒரு இழுப்பு இழு, நிற்பேன். தாண்டியதும் இரண்டு இழு, வருவேன். வேண்டுமென்றே இழுத்து விளையாடினாலும் பரவாயில்லை, இந்தத் தடவை யார் மாடு என்று எனக்குத் தெரியும். அடிக்கடி திரும்பிப் பார்க்காதே, நானும் அப்போது உன்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. தோளில் கனம் இருக்கிற வரைக்கும் பின்னால் ஆள் இருக்கிறான் என்றுதான் நடந்தேன். நீயும் அப்படியே நட. கழி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டால் மட்டும் நில்.

உன் அப்பா